பிக்கப்பில் சேற்று டயர்: ரப்பர் இல்லாத இடத்துக்குக் கொடுக்கும் காசு

பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் நடவுக்கு முன் சேற்றுழவு நடக்கும்போது டிராக்டரின் பின்சக்கரத்தைக் கவனித்தவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி ஏற்கெனவே தெரியும். ரப்பர் டயருக்குப் பக்கத்திலோ, அதைக் கழற்றிவிட்டோ, இரும்புப் பட்டைகளால் ஆன கூண்டு ஒன்றை மாட்டியிருப்பார்கள். கேஜ் வீல் என்பார்கள். அதில் இரும்பைவிட வெற்றிடமே அதிகம். சேறு அதற்குள் புகுகிறது, பட்டைக்குப் பிடி கொடுக்கிறது, அடுத்த சுற்றுக்குள் வெளியேறிவிடுகிறது. அந்த வெற்றிடம் அடைத்துக்கொண்டால் கேஜ் வீலும் வெறும் உருளைதான். எம்டி என்று டயர் கடைகளில் சொல்லப்படும் சேற்று டயரின் தத்துவமும் இதுவே. டயரின் மேல்பட்டையில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகளைப் பட்டன் என்பார்கள். அந்தப் பட்டன்களுக்கு நடுவே இருக்கும் அகன்ற இடைவெளிதான் வேலை செய்கிறது. நாம் காசு கொடுப்பதும் பெரும்பாலும் அந்த ரப்பர் இல்லாத இடத்துக்குத்தான்.

வடசென்னையில் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை சில ஆண்டுகளாகக் கூடிக்கொண்டே வருகிறது. பிக்கப் தயாரிக்கும் இசுசுவின் தொழிற்சாலையே தமிழக எல்லையைத் தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில்தான் இருக்கிறது. இறால் பண்ணைக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்கள், கட்டுமான வேலை எடுத்துச் செய்பவர்கள், வார இறுதியில் மலைப்பாதை தேடிக் கிளம்புகிறவர்கள் என்று பல ரகம். எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் சேற்று டயரைப் பற்றி விசாரிக்கிறார்கள். பாதிப் பேர் அது முரட்டுத்தனமாகத் தெரிகிறது என்பதற்காக விசாரிக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தோற்றத்துக்கு நனைந்த தார்ச்சாலையில் என்ன விலை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

பிக்கப் டயர்கள் பொதுவாக மூன்று வகை. வண்டியோடு வருவது பெரும்பாலும் எச்டி, அதாவது சாலை டயர். அதில் பட்டன்கள் நெருக்கமாக இருக்கும், கோடுகள் மெல்லியவை, புதிதாக இருக்கும்போது பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். அடுத்தது ஏடி. சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவானது. மூன்றாவதுதான் எம்டி. இதில் பள்ளம் 13, 14 மில்லிமீட்டர் வரை இறங்கும். தரையைப் பார்த்த பரப்பில் ஏறக்குறைய பாதி வெறும் இடைவெளியாக இருக்கும். பட்டன்கள் டயரின் விளிம்போடு நின்றுவிடாமல் பக்கவாட்டுச் சுவரிலும் கொஞ்ச தூரம் வழிந்து இறங்கியிருக்கும்.

டயரில் எம்+எஸ் (மட் அண்ட் ஸ்னோ, அதாவது சேறும் பனியும்) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதுதான் சேற்று டயர் என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த எழுத்துகள் ஏடி டயரிலும் இருக்கும், சில சாதாரண சாலை டயர்களிலும் இருக்கும். அதை நம்பி வாங்க வேண்டாம். பட்டனையும் பள்ளத்தையும் கண்ணால் பாருங்கள்.

சேற்றில் என்ன நடக்கிறது?

சேறு என்பது பெரும்பாலும் இரண்டு அடுக்கு. மேலே கூழ், கீழே எங்கோ கெட்டித் தரை. சாலை டயர் கூழின்மேல் ஏறியதும் அதன் மெல்லிய கோடுகள் ஒரே சுற்றில் அடைபடுகின்றன. பிறகு டயர் வழவழப்பான மண் உருண்டையாகிவிடுகிறது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சுற்றிக்கொண்டே இருக்குமே தவிர, வண்டி நகராது. சேற்று டயரின் பெரிய பட்டன்கள் கூழை வெட்டிக்கொண்டு கீழே இறங்கிக் கெட்டித் தரையைத் தொடுகின்றன. பட்டன்களுக்கு இடையே புகுந்த சேறு, சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றும்போது வெளியே தெறிக்கிறது. இதனால்தான் சேற்றில் மிக மெதுவாக ஊர்ந்து போனால் இந்த டயரும் அடைத்துக்கொள்ளும். சீரான, மிதமான வேகத்தில், நின்றுவிடாமல் போக வேண்டும். சேறு மட்கார்டுக்குள் படபடவென்று அடிக்கும் சத்தம் கேட்டால் டயர் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது என்று பொருள். அந்தச் சத்தம் நின்றுபோய் இன்ஜின் மட்டும் உறுமினால் மிதிப்பதை நிறுத்துங்கள். அதற்கு மேல் மிதிக்கும் ஒவ்வொரு நொடியும் குழிதான் ஆழமாகும்.

பக்கவாட்டுப் பட்டன்கள் அழகுக்காக வைத்தவை என்று சிலர் நினைக்கிறார்கள். லாரிகள் போய்ப்போய் ஆழமாகிவிட்ட தடத்துக்குள் உங்கள் சக்கரம் இறங்கும்போது, அந்தத் தடத்தின் சுவரைப் பற்றிக்கொண்டு மேலே ஏற உதவுபவை அவைதான். பள்ளங்களின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். இரண்டு பட்டனுக்கு நடுவே சிக்கிய கல் உள்ளே துளைத்துக்கொண்டு போகாமல் தள்ளி வெளியேற்ற அவை இருக்கின்றன.

எல்லாச் சேறும் ஒன்றல்ல

கடைக்காரர்கள் அதிகம் சொல்லாத விஷயம் இது. வடசென்னையைச் சுற்றி நாற்பது கிலோமீட்டருக்குள் குறைந்தது நான்கு வகை மண்ணைப் பார்த்துவிடலாம். அவற்றில் ஒன்றிரண்டில்தான் சேற்று டயருக்கு மதிப்பு.

பொன்னேரி வயல்வெளிப் பாதைகளில் இருப்பது களி. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது காலில் ஒட்டினால் செருப்பே வராது. இங்குதான் சேற்று டயர் தன் விலையை நியாயப்படுத்துகிறது. செங்குன்றம் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்குப் போகும் பாதைகளும் இப்படித்தான். கூடவே உடைந்த செங்கல் துண்டுகளும் கிடக்கும். எம்டி-யின் தடித்த பக்கச்சுவர் அவற்றைத் தாங்கும்.

காட்டுப்பள்ளியிலிருந்து பழவேற்காடு வரையிலான கடலோரத்தில் இருப்பது மணல். மணலில் கெட்டித் தரை என்று எதுவும் கீழே இல்லை. தோண்டத் தோண்ட மணல்தான். ஆகவே நன்றாகத் தோண்டக்கூடிய சேற்று டயர் அங்கே வண்டியின் அச்சு வரை புதைத்துவிடும். மணலில் உதவுவது பட்டன் அல்ல, குறைந்த காற்று. 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கிவிட்டு, டயரைத் தட்டையாக்கி, ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்துப் போனால் சாதாரண ஏடி டயரே போதும்.

மூன்றாவது, எண்ணூரில் அனல் மின் நிலையச் சாம்பல் கொட்டிக் கிடக்கும் இடங்கள். எண்ணூரை ஒட்டிய செப்பாக்கம் பக்கம் போனால் தெரியும். மேலே காய்ந்து வெள்ளையாக, நடக்கலாம் போலத் தோன்றும், உள்ளே கூழ். எந்த டயரும் இதற்கு ஆகாது. வண்டியை உள்ளே விடவே கூடாது.

நான்காவது, கழிமுகச் சேறு. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூரிலும் பழவேற்காடு ஏரியின் ஓரங்களிலும் நீர் வற்றியிருக்கும்போது பளபளவென்று விரிந்து கிடக்கும். படம் எடுப்பதற்கென்றே அதில் வண்டியை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சேற்றில்தான் நண்டு வளை தோண்டுகிறது. கையால் தடவியே இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் அதே சேற்றில் முழங்கால் புதைய நிற்கின்றன. உங்கள் டயர் தடத்தை அங்கே பதிப்பது அடுத்தவர் வயலில் வண்டி ஓட்டுவதற்குச் சமம். தவிர, கடல் நீர் ஏறும் நேரம் தெரியாமல் மாட்டிக்கொண்டால் வண்டியை மீட்டாலும் உப்பு விடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து இந்தக் கழிமுகம் பட்ட பாடு தெரிந்ததே. எண்ணெய்ப் பிசுக்கு ரப்பரை ஊறவைத்து இளக்கிவிடும். எங்கேயாவது பட்டால் அன்றைக்கே சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும்.

வெள்ளத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது சேற்று டயர் மாட்டிய பிக்கப் தாண்டிவிடும் என்று நம்புவதற்கு எந்த அடிப்படையும் கிடையாது. ஆழமான தண்ணீரில் வண்டியைக் காப்பது இன்ஜின் காற்று இழுக்கும் குழாய் இருக்கும் உயரம். டயரின் பட்டனுக்கு அங்கே வேலையே இல்லை.

தார்ச்சாலையில் கொடுக்கும் விலை

வண்டியின் வாழ்நாளில் பெரும்பகுதி கழிவது எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில். அங்கே இதே இடைவெளி எதிராளியாக மாறுகிறது. பாதி இடம் வெற்று என்றால் சாலையைப் பற்றும் ரப்பரும் அந்த அளவுக்குக் குறைவு. அதோடு சேற்று டயரின் பட்டன்களில் மெல்லிய வெட்டுக்கோடுகள் குறைவு. நனைந்த சாலையில் நீர்ப்படலத்தைத் துடைத்துப் பிடி கொடுப்பவை அந்தக் கோடுகள்தான். விளைவாக, மழையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் நீள்கிறது. பிக்கப்பில் இது இன்னும் கொஞ்சம் மோசம். பின்னால் பாரம் இல்லாதபோது வால் பகுதி இலேசு. வளைவில் சட்டென்று பக்கவாட்டில் வழுக்கும். லாரிகள் சிந்திய டீசலும் தூறலும் கலந்த மேம்பால இறக்கத்தில் இதை ஒருமுறை உணர்ந்தவர்கள் பிறகு முன்வண்டிக்கும் தங்களுக்கும் இடையே தாராளமாக இடம் விடுவார்கள்.

அப்போது ஃபோர் வீல் டிரைவைப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். நம் ஊரில் ஓடும் பிக்கப்கள் பெரும்பாலானவற்றில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனி வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரன்ஷியல் இல்லை. தார்ச்சாலையில் அதைப் போட்டுக்கொண்டு திரும்பினால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கும். தவிர, ஃபோர் வீல் டிரைவ் வண்டியை நகர்த்தத்தான் உதவும், நிறுத்த உதவாது.

மற்ற செலவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டயர் கனமாகிறது, மைலேஜ் குறைகிறது, ஸ்டியரிங் மந்தமாகிறது, அறுபதைத் தாண்டினால் ஒரு ரீங்காரம் தொடங்கி வேகத்தோடு கூடிக்கொண்டே போகிறது.

மாதம் ஒருமுறைகூடக் களியில் இறங்காதவருக்கு ஏடி டயரே சரி என்பது என் கருத்து. வேலைக்காக வாரம் தவறாமல் இறங்குகிறவர் மேற்கொண்டு படிக்கலாம்.

அளவைத் தேர்ந்தெடுப்பது

இசுசு வி-கிராஸ் போன்ற பிக்கப்பில் 255/60 ஆர்18 என்று பார்த்திருப்பீர்கள். 255 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 60 சதவீதம், அதாவது 153 மில்லிமீட்டர். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் டயரின் முழு விட்டம் ஏறக்குறைய 763 மில்லிமீட்டர்.

ஆசைப்பட்டு 265/65 ஆர்18 போட்டால் விட்டம் 802 ஆகிறது. கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் கூடியதுபோலத் தெரிந்தாலும் வண்டி உயர்வது அதில் பாதிதான். இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. அதற்கு ஈடாக ஒவ்வொரு சுற்றிலும் 5 சதவீதம் அதிக தூரம் ஓடுவதால் வேகமானி 80 காட்டும்போது, பழைய டயரோடு ஒப்பிட்டால் வண்டி 84-இல் போகும். ஒவ்வொரு கியரிலும் இழுவை அதே அளவு குறையும். முழுதாகத் திருப்பும்போது டயர் உள் மட்கார்டில் உரசலாம். வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் பெரிய டயர் நுழையாமலும் போகலாம். புதியவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: வண்டியோடு வந்த அளவிலேயே எம்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

சட்டமும் அந்தப் பக்கமே சாய்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களோடு வண்டி மாறுபடும்படி உரிமையாளர் மாற்றம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் டயர், சட்டத்தை விடுங்கள், பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரரின் முகத்தில் கல்லையும் சேற்றையும் வாரி இறைக்கும்.

அளவுக்குப் பக்கத்தில் 112க்யூ என்பதுபோல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். க்யூ என்றால் அதன் உச்ச வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர். பல சேற்று டயர்கள் இந்த அளவில்தான் நிற்கின்றன. பாரம் தாங்கும் எண், வண்டியோடு வந்த டயரில் இருந்ததைவிடக் குறையக் கூடாது. இன்னொரு நான்கு இலக்க எண்ணையும் தேடிப் பாருங்கள். 3524 என்று இருந்தால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது. அதிகம் விற்காத அளவுகள் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் தூங்கும் என்பதால் சேற்று டயரில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பழைய டயரையே ரீட்ரெட் செய்து, அதாவது தேய்ந்த மேல்பட்டைக்குப் பதில் புது ரப்பர் ஒட்டி, சேற்றுப் பட்டன் போட்டுக்கொள்ளலாமா என்ற கேள்வியும் வரும். டயர் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப், டயருக்கு வருவதற்கு முன் 1952-இல் ரீட்ரெட் ரப்பர்தான் தயாரித்தது. லாரிகளுக்கு ரீட்ரெட் நல்ல சிக்கனம். பிக்கப்பில், சேற்று டயரின் பாதி பலம் அதன் தடித்த பக்கச்சுவரில் இருக்கிறது. மேல்பட்டையை மட்டும் மாற்றினால் அந்தச் சுவர் வந்துவிடாது.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

"தம்பி, பின்னால் எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள்?" என்று முதலில் கேட்கிற கடைக்காரர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

டயரை ரிம்மில் ஏற்றும்போது விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். கிரீஸோ எண்ணெயோ கூடாது. எம்டி-யின் சுவர் விறைப்பானது. காற்று ஏற ஏற விளிம்பு நகர்ந்து, ரிம்மின் ஓரத்தில் 'டப்' என்று ஒரு பக்கமும், சற்றுப் பொறுத்து மறுபக்கமும் உட்காரும். இரண்டு சத்தமும் கேட்ட பிறகு, விளிம்பை ஒட்டி டயரில் சுற்றிலும் ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். ரிம்மிலிருந்து அது எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. எங்காவது உள்வாங்கியிருந்தால் காற்றை இறக்கி மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். அப்படியே விட்டால் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் ஸ்டியரிங் ஆடும்.

நட்டுகளை நட்சத்திர வரிசையில், எதிரெதிராக முடுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் கர்ரென்று இறுக்கிவிட்டுப் போனால், நடுவழியில் உங்கள் ஸ்பேனருக்கு அது அசையாது. குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும், கையால் முடுக்கும் டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். எண்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒரு முன்சக்கரத்தை வேகத்தடையில் ஏற்றிவைத்தும் ஒடித்துப் பாருங்கள். உள் மட்கார்டில் எப்போதும் ஒரு தூசிப் படலம் இருக்கும். டயர் உரசிய இடத்தில் மட்டும் அது துடைத்துவிட்டதுபோலக் கறுப்பாகத் தெரியும்.

வாங்குவது நான்கா, ஐந்தா? ஐந்து. ஸ்டெப்னி பழைய சாலை டயராகவே இருந்தால் விட்டத்தில் வேறுபாடு வரும். அதை மாட்டிக்கொண்டு ஃபோர் வீல் டிரைவில் போவது பற்சக்கரங்களுக்கு வினை.

மாட்டிய பிறகு

காற்றுதான் முதல் வேலை. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவு, வண்டியோடு வந்த டயருக்கானது. எல்டி (லைட் டிரக், இலகு சரக்கு வண்டிக்கானது) என்று குறியிட்ட தடித்த டயருக்கு அதே பாரத்தைச் சுமக்கச் சற்றுக் கூடுதல் காற்று வேண்டியிருக்கும். எவ்வளவு என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. டயரின் குறுக்கே சாக்பீஸால் ஒரு பட்டைக் கோடு போட்டு, காய்ந்த சாலையில் நேராகச் சிறிது தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு செய்தால்தான் இது சரியாகச் சொல்லும்.

களியில் இறங்கும் முன் 22, 25 பிஎஸ்ஐ வரை குறைக்கலாம். 15-க்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. வெளியே வந்ததும் வேகம் பிடிப்பதற்கு முன் காற்றை ஏற்றிவிட வேண்டும். குறைந்த காற்றில் நெடுஞ்சாலை வேகத்தில் ஓடினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். பேட்டரியில் மாட்டும் சின்ன கம்ப்ரஸர் ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வயல் பாதை முடியும் இடத்தில் யாரும் காற்றுப் பிடிக்கும் கடை வைத்திருக்க மாட்டார்கள்.

சேற்றில் போய் வந்த மறுநாள் எழுபதில் ஸ்டியரிங் நடுங்கினால் உடனே பேலன்சிங்குக்கு ஓட வேண்டாம். ரிம்மின் உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். பொன்னேரிக் களி அங்கே ஒரு பக்கமாகப் படிந்து, காய்ந்து, செங்கல்லாகியிருக்கும். தண்ணீர் பீய்ச்சினால் மட்டும் போகாது. நன்றாக ஊறவிட்டு மரக்குச்சியால் சுரண்ட வேண்டும். உப்பளப் பாதைகளில் போனவர்கள் ரிம்மின் ஓரங்களையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உப்பு அலாய் ரிம்மைப் பொறிப்பொறியாக அரிக்கும். டயர் உட்காரும் இடத்தில் அரித்துவிட்டால், பஞ்சரே இல்லாமல் காற்று மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும்.

டயர்களை ஏறக்குறைய 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஸ்டெப்னியையும் சேர்த்து இடம் மாற்றுங்கள். பெரிய பட்டன்கள் ஒரு முனை உயர்ந்தும் மறுமுனை தேய்ந்தும் போகும் சுபாவம் உள்ளவை. அப்படித் தேயத் தொடங்கினால் ரீங்காரம் இரைச்சலாகிவிடும். சுழற்சி அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் அதே பக்கத்தில் முன்பின்னாக மட்டுமே மாற்ற முடியும்.

இரைச்சலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வீல் பேரிங் கெட்டுப்போனாலும் இதே மாதிரிதான் முனகும். டயர் சத்தம் என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவோம். காலியான சாலையில் வண்டியை இலேசாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாயும்போது மட்டும் சத்தம் மாறினால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். டயர் சத்தம், சாலையின் மேற்பரப்பு மாறும்போது மாறும்.

சட்டப்படி பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாதவரை டயரை ஓட்டலாம். சேற்று டயரின் வேலை அதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது. 6 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் களியைத் தூக்கி எறிய இடம் போதாது; அதன்பின் அது சத்தம் போடும் சாலை டயர் மட்டுமே. கழற்றிய பழைய சாலை டயர்கள் நல்ல நிலையில் இருந்தால் வந்த விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். இரண்டாவது ரிம் செட் ஒன்று வாங்க முடிந்தால், மழைக்காலம் முடிந்ததும் சாலை டயருக்கு மாறிவிடலாம். சேற்று டயரின் ஆயுள் அதனாலேயே நீளும். வைத்திருக்கும் செட்டை வெயில் படாத இடத்தில், ரிம்மோடு என்றால் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தும், ரிம் இல்லாமல் என்றால் நிற்கவைத்தும் அடுக்குங்கள். மொட்டை மாடி வேண்டாம். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் ரப்பரில் வெடிப்பு விழுந்துவிடும்.